கடல் தண்ணீர்க் கரண்டு: 1989 ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு ஒரு திருத்தம்

இது நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படித்துக்கொள்ளுங்கள். படிக்காமலே கும்பிடு போடும் படத்தை அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். 35 வருஷம் வீட்டுப்பாட நோட்டுத் திருத்தியவள் நான்.

போன வாரம் மார்க்கெட்டில் சாளை மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "டீச்சர், நல்லாருக்கியளா?" என்று ஒரு குரல். திரும்பினால் தலை நரைத்த ஒரு ஆள் நிற்கிறான். முகம் பிடிபடவில்லை. "கடைசி பெஞ்சு டீச்சர், 89ல ஆறாப்பு" என்றான். சிரித்தபோது முன்பல் இடைவெளியை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். இப்போது இரண்டு டிரெய்லர் லாரி வைத்துத் துறைமுகத்துக்கு ஓட்டுகிறான். நல்லா இருக்கட்டும்.

நலம் விசாரித்து முடிந்ததும் அவன் கேட்டதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

"டீச்சர், கடல் தண்ணியில கரண்டு எடுக்கப் போறாங்கன்னு சொன்னியள்லா? எங்க வீட்டு வாசல்ல கடல், இனி கரண்டுக்குக் காசே கிடையாதுன்னு நான் எங்கம்மாட்ட போய்ச் சொன்னேன். எடுத்தாச்சா?"

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நல்ல மார்க். பி.எஸ்சி. பௌதிகம் படித்து, அதற்கு மேலும் படித்து, அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்குப் போகப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்கிறார்கள், மாமியார் நர்சிங் என்கிறார். "இது வாரதா, வராததா டீச்சர்? நம்ம முத்து மாதிரி ஆயிராதே?" என்று கேட்டான். மீன்கடையில் நின்று பதில் சொல்கிற கேள்வியா இது? எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் அவன் ஒருவனுக்கு மட்டும் எழுதுவது சரியில்லை என்று தோன்றியது. அந்த வகுப்பில் 43 பேர் இருந்தீர்கள். 43 பேருக்கும் நான் ஒரு திருத்தம் பாக்கி வைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். 1989 மார்ச் கடைசி. முழுப்பரீட்சைக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருந்தது. பேப்பரில் ஒரு செய்தி. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிளைஷ்மன், பான்ஸ் என்று இரண்டு வேதியியல் விஞ்ஞானிகள். கண்ணாடிக் குடுவையில் கனநீரை ஊற்றி, பல்லேடியம் என்ற உலோகக் குச்சியை நிறுத்தி, மின்சாரம் பாய்ச்சினார்களாம். சூரியனுக்குள் நடக்கிற அதே அணுக்கரு இணைவு மேசை மேலேயே நடந்து வெப்பம் வந்ததாம். மார்ச் 23ஆம் தேதி பத்திரிகைக்காரர்களைக் கூட்டி அறிவித்திருந்தார்கள்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏனென்றால் கனநீர் என்ற வார்த்தை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஸ்பிக் உர ஆலைக்குப் பக்கத்திலேயே 1978இலிருந்து அணுசக்தித் துறையின் கனநீர் ஆலை இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் நம் பள்ளியிலும் படித்தார்கள். அன்றைக்குப் பாடத்தை மூடி வைத்துவிட்டு, "பிள்ளைகளா, உலகத்துக்கே இனி கரண்டு நம்ம ஊர்ச் சரக்கிலிருந்துதான்" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பெரியவர்கள் ஆகும்போது கடல் தண்ணீரிலிருந்து கரண்டு வரும், அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரிக் கப்பல் வராது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். ஒருத்தி எழுந்து, "கனநீர்னா கிணத்துத் தண்ணி மாதிரி உப்பா இருக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு மட்டும் சரியான பதில் சொன்னேன்.

யூட்டாவில் சொன்னது நிற்கவில்லை. உலகம் முழுவதும் செய்து பார்த்தார்கள், நம் நாட்டு ஆய்வகங்களிலும் முயன்றார்கள். சொன்னபடி யாருக்கும் நம்பகமாக வரவில்லை. மே மாதத்துக்குள் பெரும்பாலான விஞ்ஞானிகள் கைவிட்டுவிட்டார்கள். அதற்குள் நீங்கள் பரீட்சை எழுதி விடுமுறைக்குப் போய்விட்டீர்கள். ஜூனில் ஏழாம் வகுப்பு, வேறு ஆசிரியர். நான் வந்து, "அன்றைக்குச் சொன்னது தப்பு" என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து அறைதான். கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை. நோட்டில் ஒரு ஒற்றுப் பிழைக்குச் சிவப்பு மை போட்டவள், என் பிழையை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு பையன் அதை 36 வருஷம் மனதில் வைத்திருப்பான் என்று யார் கண்டது?

ஆகவே இப்போது திருத்தம். ஒன்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பௌதிகப் பட்டதாரி இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து அப்படியே ஓய்வு பெற்றவள். உங்களில் இன்ஜினியர்கள் பலர் இருக்கிறீர்கள். நான் தப்பாகச் சொன்னால் கீழே எழுதுங்கள், கோபிக்க மாட்டேன்.

அணுக்கரு பிளவு வேறு, இணைவு வேறு. கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் நடப்பது பிளவு. யுரேனியம் போன்ற பெரிய அணுக்கரு உடைகிறது, வெப்பம் வருகிறது. இணைவில் இரண்டு சின்ன ஹைட்ரஜன் கருக்கள் ஒட்டி ஹீலியம் ஆகின்றன, அப்போதும் வெப்பம் வருகிறது. சூரியன் எரிவது இப்படித்தான். நம் உப்பளத்துப் பாத்தியில் கடல் தண்ணீரை வற்ற வைக்கிற வெயில் இணைவிலிருந்து வருவதுதான். என் அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதினார். நாங்கள் வளர்ந்ததே இணைவுச் சோற்றில்தான் என்று அவரிடம் சொல்லியிருந்தால், "போட்டி போடாம சாப்பிடுங்க" என்றிருப்பார்.

ஒரு வேடிக்கை தெரியுமா? சூரியனின் மையத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் உண்டாகிற வெப்பம் சில நூறு வாட்தான். அதே அளவு இடத்தில் உயிருள்ள மனிதர்களை அடைத்து வைத்தால் அதைவிட அதிக வெப்பம் வரும். சூரியன் மிக மெதுவாக வேகிற அடுப்பு. அளவில் பெரிதாக இருப்பதால் நமக்கு இவ்வளவு வெயில். மனிதன் செய்கிற இணைவு உலை அப்படி மெதுவாக வெந்தால் கட்டுப்படியாகாது, வேகமாக வேக வேண்டும். அதற்காக ஹைட்ரஜனின் கனமான தம்பிகளான டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். சூரியனின் மையத்தில் 1.5 கோடி டிகிரி. இங்கே வேண்டியது 15 கோடி டிகிரி. அந்தச் சூட்டில் எந்தப் பாத்திரமும் தாங்காது. அதனால் காந்தப் புலத்தாலேயே பாத்திரம் செய்து, சுவரில் படாமல் அந்தரத்தில் சுற்ற விடுகிறார்கள். அந்த இயந்திரத்துக்கு டோகமாக் என்று பெயர். உள்ளே வடிவம் உளுந்து வடை மாதிரி, நடுவில் ஓட்டை.

கனநீரில் இருப்பது அந்த டியூட்டீரியம்தான். நம் ஊர் ஆலையில் அதைப் பிரித்தெடுத்த விதம் அழகானது. உர ஆலைக்கு அமோனியா செய்ய ஹைட்ரஜன் வாயு வேண்டும். அந்த வாயுவில் மிகச் சிறிதளவு டியூட்டீரியம் கலந்திருக்கும். அதைத் திரவ அமோனியாவோடு உரசவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாப் பக்கம் ஒதுக்கிச் சேர்த்தார்கள். செய்த கனநீர் இணைவுக்காக அல்ல, யுரேனியம் உலைகளில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைப்பதற்காக. ஆனால் சரக்கு அதே சரக்குதான். ஆகையால் அன்று நான் சொன்னதில் ஒரு பாதி உண்மை. ஒரு குடம் கடல் தண்ணீரில் சுமார் அரை கிராம் டியூட்டீரியம் இருக்கிறது. எரிபொருளுக்கு என்றைக்கும் பஞ்சம் வராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சில் எடுங்கள். நம் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள், மொத்தம் 1,050 மெகாவாட். முதல் அலகு 1979இல் ஓட ஆரம்பித்தது. ஐந்தும் முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் சுமார் 2.5 கோடி யூனிட். ஒரு யூனிட்டுக்கு அரை கிலோவுக்கு மேல் நிலக்கரி வேண்டும். ஆக ஒரு நாளைக்கு 12,000 டன்னுக்கும் அதிகம். இதே மின்சாரத்தை இணைவில் எடுத்தால் எரிபொருள் எவ்வளவு வேண்டும்? நாளொன்றுக்குச் சுமார் முக்கால் கிலோ. அதில் டியூட்டீரியம் 300 கிராம். அதற்கு வேண்டிய கடல் தண்ணீர், நாம் கோடையில் வாங்குகிற ஒரு டேங்கர் லாரி அளவுகூட இல்லை.

படித்ததும் எல்லோருக்கும் கால் தரையில் நிற்காது, எனக்கு 1989இல் நிற்காதது போல. மிச்சம் 450 கிராம் டிரிட்டியம் எங்கே என்று கேளுங்கள். அது கடலில் கிடைக்காது. கதிரியக்கம் உள்ளது, 12 வருஷத்தில் பாதி அழிந்துவிடும். உலகம் முழுவதும் மின் உற்பத்திக்கென்று கணக்குப் பார்க்கக்கூடிய இருப்பு 20, 25 கிலோ என்கிறார்கள். நம் அனல் நிலையம் அளவுக்கு ஒரே ஒரு இணைவு உலை வைத்தால் இரண்டு மாதத்துக்குக்கூட வராது. உலையின் சுவரில் லித்தியம் வைத்து, இணைவில் வெளிவரும் நியூட்ரான்களைக் கொண்டு அங்கேயே டிரிட்டியத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். காகிதத்தில் சரியாக வருகிறது. ஆனால் ஒரு உலையே தனக்கு வேண்டியதை இப்படி உண்டாக்கி ஓடியது இன்னும் எங்கேயும் இல்லை. கடல் தண்ணீரில் கரண்டு என்று சொல்கிற யாரும் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்தது, அடிக்கடி வருகிற 'சாதனை' செய்திகள். குடும்பக் குழுவில் என் தங்கை மகன் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். 2022 டிசம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஆய்வகத்தில் லேசர் ஒளியால் மிளகை ஒத்த ஒரு உருண்டையை நசுக்கினார்கள். உருண்டைக்குள் போன சக்தி 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். போட்டதைவிட அதிகம் வந்தது இதுதான் முதல் தடவை. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். நம் வீட்டு மீட்டர் கணக்கில் சொன்னால் 83 யூனிட் செலவழித்து ஒரு யூனிட்டுக்கும் குறைவான வெப்பத்தைப் பெற்றார்கள். கரண்டு கூட இல்லை, வெப்பம்.

இங்கிலாந்தில் ஜெட் என்ற டோகமாக் 2023 அக்டோபரில் ஒரே ஓட்டத்தில் 69 மெகாஜூல் கொடுத்தது. காந்தப் பாத்திர வகையில் அது பெரிய சாதனை. யூனிட்டாக மாற்றினால் 19. ஒரு கூட்டுக் குடும்பம் வெயில் காலத்தில் ஒரு நாளில் செலவழிப்பது. 2025 பிப்ரவரியில் பிரான்சில் வெஸ்ட் என்ற இயந்திரம் அந்தச் சூடான வாயுவை 22 நிமிடம் அணையாமல் வைத்திருந்தது. இதை நான் அதிகமாக மதிக்கிறேன், ஏனென்றால் மின் நிலையம் என்பது நிமிடக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் ஓட வேண்டியது. கேலி செய்வதற்காக இந்த எண்களைச் சொல்லவில்லை. மருமகனே, இனிமேல் இப்படிச் செய்தி வந்தால் மூன்று கேள்வி கேள். மீட்டரில் ஓடியது எவ்வளவு? வந்தது வெப்பமா, கரண்டா? எத்தனை நேரம் நின்றது? அதற்குப் பிறகு அனுப்பு.

நம் நாடும் இதில் சும்மா இல்லை. குஜராத்தில் காந்திநகர் பக்கம் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே 'ஆதித்யா' என்ற நம் சொந்த டோகமாக் ஓட ஆரம்பித்தது 1989இல். நான் யூட்டாக் குடுவையைப் பற்றி உங்களிடம் கையை ஆட்டிய அதே வருஷம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வகுப்பில் சொல்லியிருக்க வேண்டியது அதை. பிரான்சின் தெற்கே காதராஷில் ஏழு தரப்பு சேர்ந்து கட்டுகிற ஈட்டர் உலையில் இந்தியாவும் ஒரு தரப்பு. 2006 நவம்பரில் கையெழுத்திட்டோம். செலவில் நம் பங்கு சுமார் 9 சதவீதம், கிடைக்கும் அறிவோ முழுவதும் நமக்கும் உண்டு. அந்த உலையை மூடி வைக்கிற 30 மீட்டர் உயர எஃகுப் பாத்திரத்தின் பாகங்களை ஹசிராவில் எல் அண்ட் டி செய்து கப்பலில் அனுப்பியது. மொத்தம் 3,850 டன். அதன் 1,250 டன் அடித்தட்டை 2020 மே மாதம், நாமெல்லாம் கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, குழிக்குள் இறக்கினார்கள். எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்த வீடியோவை நான்கு தடவை பார்த்துவிட்டு, "இறக்கினவன் கெட்டிக்காரன்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்தால் பெரிது.

ஆனால் ஈட்டரும் சொன்ன நாளில் முடியவில்லை. முதலில் 2016இல் பற்றவைப்போம் என்றார்கள், பிறகு 2025. நடுவில் 2022இல் வந்திறங்கிய பாகங்களில் குறைகள் தெரிந்து பழுது பார்க்க வேண்டியதாயிற்று. 2024இல் புது நாள் குறித்தார்கள். ஆராய்ச்சி ஓட்டம் 2034இல், டிரிட்டியம் சேர்த்த உண்மையான ஓட்டம் 2039இல். அப்போதும் அது ஒரு யூனிட் மின்சாரம் தராது. 50 மெகாவாட் வெப்பம் கொடுத்தால் 500 மெகாவாட் வெப்பம் வருகிறதா என்று பார்ப்பதற்கான உலை அது. மின் நிலையம் அதற்கடுத்தது. ஹோமி பாபா 1955இல் ஜெனீவா மாநாட்டில், இன்னும் இருபது வருஷத்தில் இணைவைக் கட்டுப்படுத்தும் வழி கிடைத்துவிடும், பிறகு கடல் உள்ளவரை எரிபொருள் உண்டு என்ற பொருளில் பேசினார். அவ்வளவு பெரிய மேதைக்கே தேதி தப்பியது. ஆறாம் வகுப்பு டீச்சருக்குக் கொஞ்சம் கருணை காட்டுங்கள்.

இப்போது அவன் கேட்ட முத்துக்கு வருகிறேன். நம் பார்களில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல். எனக்கு நினைவு தெரியாத வயது. குளிப்புக்கு முன்னால் அரசாங்கத்தார் பாரில் கொஞ்சம் சிப்பி எடுத்து, உடைத்து, கிடைத்த முத்துக்கு விலை மதித்துப் பார்த்த பிறகுதான் குளிப்பு அறிவிப்பார்கள் என்று அப்பா சொல்லுவார். மாதிரி பார்க்காமல் யாரும் தோணி இறக்கவில்லை. அதன் பிறகு 1973இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் கருவை வைத்து நல்ல உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஜப்பான்காரன் ரகசியம் நமக்கும் வசப்பட்டுவிட்டது என்று ஊரே பேசியது. விஞ்ஞானம் ஜெயித்தது, தொழில் நிலைக்கவில்லை. நம் சிப்பி சின்னது, முத்தும் சின்னது. கடலோ திறந்த கடல், கூண்டு கட்டி நிம்மதியாக வளர்க்க வாகான விரிகுடா கிடையாது. ஆய்வகத்தில் பத்து முத்து எடுப்பது ஒரு காரியம், ஆயிரம் குடும்பம் அதில் கஞ்சி குடிப்பது வேறு காரியம்.

ஆனால் இன்னொன்றும் நம் ஊரில்தான் நடந்தது, அதை யாரும் நினைப்பதில்லை. 1986இல் முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணையை வைத்தார்கள். பொம்மை மாதிரி சின்னச் சின்ன காற்றாடிகள். பஸ்ஸில் போகிறவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்றைக்குத் தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நம் துறைமுகத்துக்குப் போகிற ராட்சத இறக்கைகள் பைபாஸில் ஊர்ந்து போகும்போது பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறார்கள்.

முத்து ஏன் தோற்றது, காற்றாலை ஏன் ஜெயித்தது? எனக்குத் தோன்றுவது இது. காற்றாடி சின்னதாக இருந்தபோதும் முதல் நாளே மின்சாரம் கொடுத்தது. தப்பு வந்தால் ஒன்றைக் கழற்றி மாற்றிப் பார்க்கலாம், நஷ்டம் கொஞ்சம்தான். அப்படி ஆயிரம் தடவை மாற்றித்தான் பெரிதானது. இணைவை அப்படிச் சின்னதாகச் செய்து பழக முடியவில்லை. சின்னதாகச் செய்தால் சூடு உள்ளே நிற்பதில்லை, பெரிதாகக் கட்டினால் ஒரு தப்புக்குப் பத்து வருஷம் போகிறது. இப்போது சில தனியார் கம்பெனிகள் புதுவகைக் காந்தங்களை வைத்துச் சிறிய உலை செய்யப் பார்க்கிறார்கள். அது வந்தால் என் கணக்கு மாறும். வரும்வரை இதுதான் கணக்கு.

தெரிந்த தொழில்நுட்பத்துக்கே எத்தனை வருஷம் ஆகும் என்பதற்குக் கூடங்குளத்தைப் பாருங்கள். அதன் நியாய அநியாயத்தை இங்கே பேசவில்லை. இடிந்தகரையில் எங்களுக்குச் சொந்தம் இருக்கிறது, அந்த நாட்களில் அவர்கள் பட்டது எனக்குத் தெரியும். வருஷத்தை மட்டும் எண்ணுங்கள். சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் 1988 நவம்பரில். கட்ட ஆரம்பித்தது 2002. முதல் அலகின் மின்சாரம் கம்பியில் ஏறியது 2013 அக்டோபரில். 25 வருஷம். ஏற்கெனவே வேறு நாடுகளில் ஓடிக்கொண்டிருந்த வகைக்கு அவ்வளவு. இணைவுக்கு இன்னும் மாதிரி உலையே வரவில்லை. மாதிரி 2040 வாக்கில் சரியாக ஓடினாலும் நம் கடற்கரையில் ஒரு பல்பு எரிய அந்த நூற்றாண்டின் பின்பாதி ஆகிவிடும் என்றுதான் நினைக்கிறேன். நான் இருக்க மாட்டேன். நீங்கள் பேரன் பேத்தியோடு இருப்பீர்கள்.

ஆபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, இடிந்தகரைச் சொந்தங்கள் கேட்பார்கள். இணைவு உலை கைமீறி எரியாது. உள்ளே எந்த நேரத்திலும் சில கிராம் எரிபொருள்தான் இருக்கும், கொஞ்சம் பிசகினால் தானே அணைந்துவிடும். செர்னோபில், ஃபுகுஷிமா மாதிரி நடக்க வழியில்லை. ஆனால் கதிரியக்கமே இல்லை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். டிரிட்டியம் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிடக் கூடியது, கவனமாகப் பூட்டி வைக்க வேண்டும். நியூட்ரான் அடித்து அடித்து உலையின் எஃகே கதிரியக்கமாகும், அதை நூறு வருஷம் வாக்கில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். யுரேனியக் கழிவோடு ஒப்பிட்டால் சின்னத் தலைவலி, ஆனால் தலைவலிதான்.

சொந்தங்களில் இரண்டு கட்சி இருக்கிறது. சின்ன மைத்துனர், ஏழை நாட்டுக்கு இது எதற்கு, இந்தப் பணத்தில் ரோடு போடலாம் என்கிறார். தம்பி, 1970களில் கனநீர் ஆலை வேண்டாம், ரோடு போடலாம் என்று சொல்லியிருந்தால் இன்று நம் அணு உலைகளுக்கு இன்னொருவன் வாசலில் நின்றிருப்போம். 9 சதவீதத்துக்கு முழுப் பாடமும் கிடைக்கிற பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அதிலிருந்து விலகுவது முட்டாள்தனம்.

இன்னொரு கட்சி, தங்கை மகன். இணைவு வரப்போகிறது, பிறகு எதற்கு ஊரெல்லாம் சோலார் தட்டும் காற்றாடியும் என்கிறான். இது முதல் கட்சியைவிட மோசம். வருகிற கல்யாணத்துக்குச் சமைக்கிறார்கள் என்று இன்றைக்குப் பட்டினி கிடப்பதா? எங்கள் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலம் கறுப்புத் தூசி தட்டித்தான் மடிக்க வேண்டியிருக்கிறது. அதே நிலக்கரியை இறக்கிய சம்பளத்தில்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள் என்பதையும் மறக்கவில்லை. நிலக்கரியைக் குறைக்கிற வேலையை அடுத்த இருபது வருஷத்தில் செய்யப் போவது முள்ளக்காட்டில் பார்த்துச் சிரித்த அந்தக் காற்றாடியும், உப்பளத்து வெயிலும், அந்த மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற பேட்டரியும்தான். இணைவு வந்தால் அதற்குப் பிறகு வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

சரி, பெண்ணுக்கு வருகிறேன்.

ஐயா லாரிக்காரரே, உன் மகளை அனுப்பு. இது வருமா என்று கேட்டாய். அவள் வேலை செய்கிற காலத்தில் வராமல் போகலாம் என்பதுதான் நேர்மையான பதில். அவளிடமும் அதை மறைக்காமல் சொல், அல்லது நான் சொல்கிறேன். ஆனால் அந்த உலைக்காக அவள் கற்கப்போவது என்னென்ன என்று பார். காற்றே இல்லாத பாத்திரம் செய்வது, ஹீலியத்தைத் திரவமாக்குகிற குளிர், மீக்கடத்திக் காந்தம், பெரிய மின்னோட்டத்தைக் கட்டி மேய்ப்பது. ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் இருப்பதும் அந்த வகைக் காந்தம்தான். உலை ஓடாவிட்டாலும் அவள் கைவேலை ஓடும். முத்து வளர்ப்பு தொழிலாக நிலைக்காவிட்டாலும், அதற்காகச் சிப்பி பற்றிப் படித்தவர்களின் படிப்பு வீணாகவில்லை.

காசு வேண்டும் என்றால் கம்ப்யூட்டர்தான் வேகம், அதை மறுக்கவில்லை. பி.எஸ்சி., எம்.எஸ்சி., நுழைவுத் தேர்வு, பிறகு ஆராய்ச்சிப் பட்டம் என்று பத்து வருஷம் போகும். கடைசி ஐந்தில் உதவித்தொகை வரும், ஆனால் லாரிக் கடன் அடைக்கிற அளவுக்கு வராது. அதைத் தாங்க முடியுமா என்று வீட்டில் கணக்குப் பாருங்கள். அது நியாயமான கேள்வி. "பொம்பளப் பிள்ளை அவ்வளவு தூரம் குஜராத்துக்கா?" என்று உன் அம்மா சொன்னதாகச் சொன்னாயே, அது மட்டும் நியாயமில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி விட்ட ஊர் இது. பையன் கப்பலில் ஒன்பது மாதம் போனால் மாலை போட்டு வழியனுப்புகிறோம். காந்திநகர் ரயில் போகிற ஊர்தான்.

இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. அம்மாவையும் கூட்டி வா. பழைய வீடுதான், தெருமுனையில் அந்த ரொட்டிக் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. மேலே நான் போட்ட முக்கால் கிலோக் கணக்கை அவள் ஒரு தடவை போட்டுப் பார்த்துக் கொண்டு வரட்டும். ஒரு அணைவுக்கு 17.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், மின் நிலையத் திறன் 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். தப்பு இருந்தால் அவளே சிவப்பு மையில் திருத்தட்டும். மற்ற 42 பேரில் யார் யார் இந்தப் பதிவைப் பார்த்தீர்கள் என்று கீழே பெயர் எழுதுங்கள். பார்க்காதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்லி அனுப்புங்கள்.